போன வழியே திரும்பாமல்: ஜப்பான் நகரங்களில் இருவர் ரயில் உலா

ஜப்பானில் ரயிலேறிச் சுற்றப் போகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது விமான டிக்கெட்டில்தான். டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலிருந்தே திரும்பும் டிக்கெட்டைப் பழக்கதோஷத்தில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு கியோட்டோ, ஹிரோஷிமா என்று மேற்கே போகப் போக, அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டிய கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு நொசோமி என்கிற அதிவேக ரயிலிலேயே நான்கு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஏறத்தாழ 20,000 யென். புதிதாக ஒன்றையும் பார்க்காமல், விமானத்தைப் பிடிப்பதற்காக மட்டும் இருவர் 40,000 யென்னையும் ஒரு பகல் பொழுதையும் தொலைப்பார்கள். ஒரு யென் ஐம்பது, அறுபது பைசாவுக்கு இடையில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ரூபாய்க் கணக்கு தானே வந்துவிடும்.

நரிதாவிலோ ஹனேடாவிலோ இறங்கி, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும்படி டிக்கெட் எடுத்தால் இந்தச் செலவு அப்படியே மிச்சம். கடலுக்குள் மண் கொட்டி உருவாக்கிய தீவில் 1994இல் திறக்கப்பட்ட நிலையம் அது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக ஊர் திரும்ப அங்கிருந்து விமானங்கள் உண்டு. முன்பதிவுத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று தேடினால் போதும். போகவர ஒரே ஊர் டிக்கெட்டைவிடக் கட்டணம் பெரிதாகக் கூடிவிடாது.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி டோக்கியோ, கனாசாவா, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா. பன்னிரண்டு நாள் கிடைத்தால் தாராளம், பத்து நாள் போதும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் கனாசாவா, ஹிரோஷிமா இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடுவது உத்தமம். ஐந்தையும் ஏழு நாளில் திணித்தால் ஊர் திரும்பிய பிறகு நினைவில் நிற்பது பிளாட்பார எண்கள்தான்.

அடுத்த கண்ணி ஜேஆர் பாஸ். வெளிநாட்டுப் பயணிகளுக்கான இந்த ரயில் அட்டையை ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே போட்ட காசு ஏறக்குறைய வந்துவிடும். 2023 அக்டோபரில் அதே பாஸ் ஒரேயடியாக 50,000 யென் ஆனது. நொசோமியில் ஏற வேண்டுமானால் பாஸுக்கு மேல் தனிக் கட்டணம் வேறு. அதற்கு முன் போய்வந்த நண்பர்கள் இன்னமும் ‘முதலில் பாஸ் வாங்கிவிடு’ என்பார்கள். அவர்கள் காலத்தில் அது சரியான யோசனைதான்.

இப்போது கூட்டிப் பார்க்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கனாசாவா 14,400 யென் அளவில் ஆகும். அங்கிருந்து கியோட்டோ 8,000க்குள். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா 12,000க்குள். ஹிரோஷிமாவிலிருந்து ஷின் ஒசாகா 11,000க்குள். எல்லாம் சேர்த்தாலும் ஆளுக்கு 45,000 யென்னைச் சுற்றித்தான் வருகிறது. 50,000 கொடுத்து பாஸ் வாங்கினால் நஷ்டம். ஆனால் இந்தக் கணக்கின் பிற்பாதிக்கு வேறொரு வழி இருக்கிறது. மேற்குப் பகுதியின் ரயில்களை இயக்கும் ஜேஆர் வெஸ்ட், கான்சாய்–ஹிரோஷிமா பாஸ் என்று ஒன்றை விற்கிறது. தொடர்ந்து ஐந்து நாள் செல்லும். 2023 அக்டோபர் விலை 17,000 யென். ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரையிலான புல்லட் ரயில், அதுவும் நொசோமி உட்பட, இதில் அடக்கம். நாராவுக்குப் போகும் உள்ளூர் ரயில், மியாஜிமா படகு, கான்சாய் விமான நிலையத்துக்கான ஹருகா ரயில் எல்லாமும் சேர்த்தி. கியோட்டோவில் தங்கும் கடைசி நாட்களில் இதைத் தொடங்கினால் மொத்தச் செலவு 40,000க்குள் முடிந்துவிடும்.

ஒரு கொக்கி உண்டு. கியோட்டோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் புல்லட் ரயில் வேறொரு நிறுவனத்துடையது. அந்தத் துண்டுக்கு இந்த பாஸ் செல்லாது. கியோட்டோவிலிருந்து ஷின் ஒசாகா வரை சாதாரண விரைவு ரயிலில் போய், அங்கே புல்லட் ரயிலுக்கு மாற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. தெரியாமல் கியோட்டோவிலேயே புல்லட் ரயில் ஏறினால் அந்தத் தூரத்துக்குத் தனியாகக் காசு கட்ட நேரும். கட்டணங்கள் அவ்வப்போது ஏறுவதால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவசியம். புல்லட் ரயில் இருக்கைகளுக்கு முன்பதிவு திறப்பதும் அப்போதுதான்: பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணி.

ஃபூஜி மலையா, கனாசாவாவா?

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டு பாதைகள். தெற்கே கடலோரமாகப் போவது 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடங்க ஒன்பது நாள் இருக்கையில் திறக்கப்பட்ட தொக்காய்தோ பாதை. உலகின் முதல் புல்லட் ரயில் பாதை இதுதான். இதில் நொசோமி கியோட்டோவை இரண்டேகால் மணி நேரத்தில் தொட்டுவிடும். வழியில் ஃபூஜி மலை. வடக்கே மலைகளைக் குடைந்து கனாசாவா போகும் பாதை 2015இல் வந்தது. 2024 மார்ச்சில் சுருகா என்ற ஊர்வரை நீண்டது. அதில் ஃபூஜி கிடையாது.

ஃபூஜியைப் பார்க்காமல் ஜப்பான் போனேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைப்பவர்கள் தெற்குப் பாதையில் போகட்டும். அவர்கள் இருக்கை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. இரண்டு இருக்கை உள்ள பக்கம் டி, இ எனக் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாமவர் முழங்காலைத் தாண்டாமல் எழுந்து போகலாம் என்பதால் இருவர் பயணத்துக்கு அதுதான் வசதி. ஃபூஜி தெரிவதும் அந்தப் பக்கமேதான். டோக்கியோவிலிருந்து கிளம்பிய நாற்பதாவது நிமிடத்திலிருந்து கண்ணை ஜன்னலில் வைத்திருக்க வேண்டும். ஷின் ஃபூஜி நிலையத்தைத் தாண்டி ஃபூஜி ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது மலை முழுதாகத் தெரியும், அதுவும் சில நொடிகளே. இரண்டு பேரில் ஒருவர் கேமராவைத் தேடுவதற்குள் பாலம் முடிந்துவிடும்.

மலை தெரியும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. குளிர்கால அதிகாலையில் பளிச்சென்று நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகத்துக்குள் ஒளிந்திருப்பதே வழக்கம். கனாசாவா எந்த மாதத்திலும் ஒளிந்துகொள்வதில்லை. அதனால்தான் இங்கே வடக்குப் பாதைக்கு ஓட்டு.

சூட்கேஸை முன்னால் அனுப்புங்கள்

புல்லட் ரயிலில் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் கொஞ்சம் இடத்தைத் தவிரப் பெரிய சாமான்களுக்கென்று தனி இடம் கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செண்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, தொக்காய்தோ பாதையிலும் அதன் தொடர்ச்சியான மேற்குப் பாதைகளிலும் கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். இருவருக்குச் சேர்த்து நடுத்தர சூட்கேஸ் ஒன்று, ஆளுக்கொரு முதுகுப்பை என்று கிளம்புவதே புத்திசாலித்தனம்.

அந்த ஒரு சூட்கேஸையும் சுமக்க வேண்டியதில்லை. தாய்ப்பூனை குட்டியை வாயில் கவ்விச் செல்லும் படம் போட்ட வண்டிகளை ஜப்பான் தெருக்களில் எங்கும் பார்க்கலாம். யமாதோ நிறுவனம் 1976இல் தொடங்கிய வீடு தேடி வரும் பார்சல் சேவை அது. தக்யூபின் என்று கேட்டால் ஹோட்டல் வரவேற்பிலேயே படிவம் தருவார்கள். டோக்கியோவில் காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். அளவைப் பொறுத்து 2,000 முதல் 3,000 யென். கனாசாவாவில் ஓரிரு இரவு தங்குபவர்கள் சூட்கேஸை டோக்கியோவிலிருந்து நேராகக் கியோட்டோவுக்கு அனுப்பி, வந்துசேர வேண்டிய தேதியைப் படிவத்தில் குறித்துவிட்டு, கையில் ஒரு மாற்றுடையோடு ரயிலேறலாம். படிவத்தில் முக்கியமானது, அறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. அறை மனைவி பெயரில் இருக்க, படிவத்தில் கணவர் தன் பெயரை எழுதினால், இப்படி ஒருவர் இங்கே தங்கவில்லையே என்று கியோட்டோவில் குழம்புவார்கள்.

நிலையத்துக்குள்

புல்லட் ரயிலுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு சீட்டு. ஒன்று பயணக் கட்டணம், மற்றொன்று விரைவு ரயிலுக்கும் இருக்கைக்குமானது. நுழைவாயில் இயந்திரத்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தடவையில் செருக வேண்டும். மறுமுனையில் இரண்டும் எட்டிப் பார்க்கும், மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால் கதவு மூடிக்கொள்ளும். இருவர் சீட்டையும் ஒருவரே வைத்துக்கொள்வது நம்மூர்ப் பழக்கம்; அங்கே அது வாயிலில் வரிசையை நிறுத்திவைக்கும். ஸ்மார்ட் இஎக்ஸ் செயலியில் பதிவு செய்தால் இந்தத் தாள் விவகாரமே இல்லை. ஆனால் அது தொக்காய்தோவுக்கும் அதன் மேற்குத் தொடர்ச்சிக்கும்தான். கனாசாவா ரயில் அதில் வராது.

உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் சுய்கா அல்லது இகோகா அட்டை, ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஒரே அட்டையை இருவருக்கும் தேய்க்க முடியாது. கடையில் தண்ணீர் வாங்கவும் லாக்கருக்குக் காசு கட்டவும் அதே அட்டை பயன்படும். டோக்கியோவில் வாங்கிய அட்டை ஒசாகாவிலும் செல்லும். ஆனால் டோக்கியோவில் தேய்த்து உள்ளே போய் ஒசாகாவில் தேய்த்து வெளியே வர முடியாது.

டோக்கியோ நிலையத்தில் அரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றால் ஒரு காட்சி காணக் கிடைக்கும். வடக்கிலிருந்து வந்து சேரும் புல்லட் ரயில் அங்கே பன்னிரண்டு நிமிடமே நிற்கிறது. ஏறி இறங்கும் நேரம் போக, துப்புரவுப் பணியாளர்களுக்கு மிஞ்சுவது ஏழு நிமிடம். அதற்குள் மேலே பார்த்து மறந்த பொருள் தேடுகிறார்கள், தரையைக் கூட்டுகிறார்கள், மேஜையைத் துடைக்கிறார்கள், தலைசாய்ப்புத் துணியை மாற்றுகிறார்கள், எல்லா இருக்கைகளையும் போகும் திசை நோக்கித் திருப்பிவைக்கிறார்கள். பிறகு வரிசையாக நின்று தலை வணங்கிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போகிறார்கள். அந்த நிலையத்தின் செங்கல் கட்டடமும் பார்க்க வேண்டியதே. தாத்சுனோ கிங்கோ வடிவமைத்து 1914இல் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சில் இழந்த கவிகைமாடங்களை 2012இல்தான் பழையபடி திரும்பக் கட்டினார்கள்.

ரயிலில் தின்ன ஏதாவது வாங்கிக்கொண்டே ஏற வேண்டும். நொசோமி, ஹிகாரி ரயில்களில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. நிலையங்களில் விற்கும் எகிபென் என்னும் பெட்டிச் சாப்பாடு ஊருக்கு ஊர் மாறும். சிலவற்றில் நூலை இழுத்தால் அடியில் சுண்ணாம்பும் நீரும் கலந்து, சோறு ஆவி பறக்கச் சூடாகிவிடும். தள்ளுவண்டியில் பேர்பெற்ற, கரண்டி இறங்காத கல் போன்ற ஐஸ்கிரீமை இப்போது நொசோமி நிற்கும் நிலையங்களின் பிளாட்பார இயந்திரங்களில் வாங்கலாம். வாங்கி இருபது நிமிடம் பொறுத்துத்தான் சாப்பிட முடியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான், மறைப்பதற்கில்லை. கண்ணுக்கு மீன் தெரியாத குழம்பிலும் சாறு பெரும்பாலும் மீன் சாறு. காய்கறிக் கறி என்று எழுதியிருக்கும் ஜப்பானியக் கறியில் மாட்டு, பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டைகளில் உப்புப் புளிப்புப் பிளம் வைத்தது ஓரளவு பாதுகாப்பு. நம்பி உட்காரக்கூடியது புத்தர் கோயில்களின் ஷோஜின் சமையலுக்குத்தான். அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கியோட்டோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெத்சு என்ற உணவகம் இருக்கிறது. டோக்கியோவில் நாக்குச் செத்துப்போனால் நிஷி கசாய் பக்கம் போகலாம். இந்தியக் கணினித் துறையினர் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி, தோசை கிடைக்கும்.

டோக்கியோ

முதல் மூன்று இரவுக்கு உவேனோ வட்டாரம் நல்லது. நரிதாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக அங்கே வரும். கனாசாவா போகும் ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்கும். அறை எடுக்கும்போது ‘செமி டபுள்’ என்ற சொல்லைக் கண்டால் இருவரும் யோசிக்க வேண்டும். 120 செண்டிமீட்டர் அகலக் கட்டில் அது, அதாவது ஒன்றரை ஆள் படுக்கை. மொத்த அறையே பன்னிரண்டு, பதிமூன்று சதுர மீட்டர் இருக்கும். சூட்கேஸைத் திறந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி நின்றாக வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்து இரட்டைக் கட்டில் உள்ள ‘ட்வின்’ அறை எடுப்பது உறவுக்கும் இடுப்புக்கும் நல்லது. சில தளங்களில் போட்டிருக்கும் விலை அறைக்கு அல்ல, தலைக்கு.

உவேனோ மிருகக்காட்சி சாலைக்கு 1949இல் நேரு ஒரு யானை அனுப்பினார். போர்க்காலத்தில் அங்கிருந்த யானைகள் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டிருந்தன. ஜப்பானியக் குழந்தைகள் நேருவுக்கு எழுதிக் கேட்டார்கள். வந்த யானைக்கு மகளின் பெயரையே, இந்திரா என்று, வைத்திருந்தார். ஷிபுயாவில் தமிழர்கள் தேடும் இடம் வேறு: 1998இல் ரஜினியின் ‘முத்து’ வெளியாகி ஜப்பானைக் கலக்கிய சினிமா ரைஸ் அரங்கு. அது 2016இல் மூடப்பட்டுவிட்டது. நகரைச் சுற்றிப் பார்க்க யமனோதே வட்ட ரயிலே போதும். முப்பது நிலையங்கள், ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம். காலை நெரிசலில் மட்டும் வேண்டாம்.

கனாசாவா

டோக்கியோவிலிருந்து ககயாகி ரயிலில் இரண்டரை மணி நேரம். இதில் எல்லாப் பெட்டியும் முன்பதிவுப் பெட்டிதான். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் உடுக்கையை நிமிர்த்தி வைத்தாற்போல் இரண்டு முறுக்கிய மரத் தூண்கள் தாங்கும் பெரிய வாசல். ஜப்பானிய நோ நாடகத்தில் அடிக்கும் சுசுமி என்ற கைமேளத்தின் வடிவம் அது.

கென்ரோகுயென் தோட்டத்துக்கு எந்தப் பருவத்திலும் போகலாம், ஆனால் நவம்பரில் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த ஊரில் விழும் பனி ஈரமும் கனமுமானது, கிளைகளை ஒடித்துவிடும். அதற்காக நவம்பர் முதல் தேதியிலிருந்து தோட்டக்காரர்கள் ஒவ்வொரு பைன் மரத்தின் நடுவிலும் உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து கிளைக்குக் கிளை வைக்கோல் கயிறு இறக்கிக் கட்டுகிறார்கள். கீழே நின்று பார்த்தால் மரத்துக்கு மேல் கயிற்றாலான கூம்பு. மார்ச் நடுவில் அவிழ்க்கிறார்கள்.

ஜப்பானின் தங்கத் தகடு கிட்டத்தட்ட முழுக்க இங்கேதான் அடிக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். ஹிகாஷி சாயா தெருவில் ஐஸ்கிரீம்மேல் ஒரு முழுத் தகட்டைப் போர்த்திச் சுமார் ஆயிரம் யென்னுக்கு விற்கிறார்கள். தங்கத்துக்குச் சுவையே இல்லை. ஒன்று வாங்கி இருவர் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

கியோட்டோ போக சுருகாவில் ரயில் மாற வேண்டும். புல்லட் ரயில் மூன்றாம் தளத்தில் வந்து நிற்கும். தண்டர்பர்ட் என்ற ரயில் தரைத் தளத்தில் காத்திருக்கும். இடையில் இருப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு. கூட்டத்தோடு நகர்ந்தால் போதும், படம் எடுக்க நின்றால்தான் ஆபத்து. தண்டர்பர்டில் இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா நெடுநேரம் அந்தப் பக்கமே கூட வரும்.

கியோட்டோவும் நாராவும்

நான்கு இரவு இங்கே. தங்குமிடம் நிலையத்தை ஒட்டியோ சுரங்க ரயில் பாதையை ஒட்டியோ இருக்கட்டும், ஏனென்றால் கியோட்டோவின் பேருந்துகள் பயணிகளால் பிதுங்கி வழிகின்றன. 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரியும் உயர்ந்திருக்கிறது. அறை வாடகையைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 முதல் 10,000 யென் வரை.

ஃபுஷிமி இனாரி கோயில் இரவு பகல் திறந்தே இருக்கும், கட்டணமும் இல்லை. காலை ஆறரைக்குப் போனால் அந்தச் செந்நிற வாசல்களின் சுரங்கம் இருவருக்கே சொந்தம். பத்து மணிக்குப் போனால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தரிசனம். ஏறும்போது வெறும் சிவப்பாகத் தெரியும் தூண்களை இறங்கும்போது பார்த்தால், பின்பக்கம் முழுக்கக் காணிக்கை தந்த கடைகள், நிறுவனங்களின் பெயரும் தேதியும். கியோட்டோவிலிருந்து இனாரி நிலையம் ஐந்து நிமிடம்தான். ஆனால் நாரா போகும் விரைவு ரயில் அங்கே நிற்காது. ‘லோக்கல்’ என்று போட்டிருப்பதில் மட்டும் ஏற வேண்டும். கின்காகுஜி என்னும் பொற்கோயிலில் பார்ப்பது 1955இல் திரும்பக் கட்டியது. பழையதை 1950இல் ஓர் இளம் துறவி கொளுத்திவிட்டார். கியோன் வட்டாரத்தில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்து படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

நாராவுக்கு ஒரு பகல் போதும். கின்தெத்சு நிறுவனத்தின் ரயில் மானுலவும் பூங்காவுக்கு அருகிலேயே இறக்கிவிடும். ஜேஆர் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுவே இலவசம். தோதாய்ஜி கோயிலின் பதினைந்து மீட்டர் உயர வெண்கல புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. சிலைக்குக் கடைசியில் கண் திறக்கும் சடங்கை நம் சிற்பிகள் வழியே அறிந்தவர்களுக்கு அந்த மண்டபத்தில் நிற்பது தனி அனுபவம். வெளியே மான்கள் பிஸ்கட்டுக்காகத் தலை குனிந்து வணக்கம் போடும். கையிலிருந்தது தீர்ந்ததும் விரித்த உள்ளங்கையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சேலைத் தலைப்பைக் கடிக்கும்.

ஹிரோஷிமா

பலர் இதைக் கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்வருகிறார்கள். அது தவறு. அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே இன்னொரு ஊருக்கு ஓட மனம் வராது. ஓரிரவு தங்க வேண்டும். நுழைவுக் கட்டணம் 200 யென். கூட்டம் அதிகம் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்யும் காலை முதல் வேளை நல்லது. உள்ளே இருவரும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதில்லை. எரிந்த சீருடைகளும் மதிய உணவு டப்பாவும் இருக்கும் கூடத்தில் ஒருவர் நின்றுவிடலாம், மற்றவர் நகர்ந்துவிடலாம். வெளியில் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்வது உதவும்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு விழுந்த குண்டில் நகரின் டிராம் வண்டிகளும் சிதைந்தன. மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, ஒரு சிறு பகுதியில் டிராம் மறுபடி ஓடியது. குண்டில் அடிபட்டுப் பழுது பார்க்கப்பட்ட 651, 652 எண் வண்டிகள் இன்னமும் சேவையில் இருக்கின்றன. வேலைநாள் காலை நெரிசலில் தென்பட வாய்ப்பு உண்டு.

மறுநாள் மியாஜிமா. உள்ளூர் ரயிலில் அரை மணி, படகில் பத்து நிமிடம், தீவுக்கான வரி 100 யென். கடலில் நிற்கும் பதினாறு மீட்டர் உயர தோரி வாசலை நீரேற்றத்தின்போது மிதப்பதாகவும், நீரிறக்கத்தில் அடிவரை நடந்து போயும் பார்க்கலாம். அன்றைய நீரேற்ற நேரத்தை முன்தினமே பார்த்துவைத்தால் இரண்டும் கிடைக்கும்.

கடைசி நாட்கள்

ஒசாகா திரும்பும் வழியில் ஹிமேஜியில் இறங்கி லாக்கரில் பையைப் போட்டுவிட்டு, நேராகத் தெரியும் வெள்ளைக் கோட்டைக்கு நடக்கலாம். 1609இல் கட்டி முடித்த அசல் மரக் கோட்டை அது. ஒசாகா கோட்டையோ 1931இல் எழுப்பிய கான்கிரீட். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஹிமேஜிதான். வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம் 2026 மார்ச்சில் 2,500 யென்னாக உயர்ந்திருக்கிறது. எல்லா நொசோமியும் அங்கே நிற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நடுவில் ஓரிரவு வெந்நீர் ஊற்று விடுதியில் தங்குவதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பொதுக் குளியலறை ஆண், பெண்ணுக்குத் தனித்தனி, உடையில்லாமல்தான். சேர்ந்து குளிக்க விரும்பும் தம்பதிகள் மணிக்கணக்கில் தனியாக எடுக்கும் ‘காஷிகிரி’ குளியலறையைக் கேட்டுப் பதிவு செய்யலாம். மாலை ஆறு மணி வாக்கில் சாப்பாடு போட்டுவிடுவார்கள். பிந்திப் போனால் கிடையாது.

ஒசாகாவில் புல்லட் ரயில் நிற்பது ஷின் ஒசாகா. ஒசாகா நிலையம் வேறு, ஒரு நிறுத்தம் தள்ளி. கும்பல் மிகுந்த மிதோசுஜி சுரங்க ரயிலில் வேலைநாள் முழுவதும் ஒரு பெட்டி பெண்களுக்கு மட்டுமே. பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்புக் குறி இருக்கும் இடத்தில் கணவர் நின்றால் சுற்றியிருப்பவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நின்றவர்கள் இங்கே வலப்பக்கம் நிற்க வேண்டும்.

கான்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயில் வசதி. பாஸ் காலாவதியாகிவிட்டால் சாதாரண விரைவு ரயிலில் மலிவாகப் போகலாம். ஆனால் அந்த ரயில் பெரும்பாலும் ஹினேனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகள் விமான நிலையத்துக்கும், 5 முதல் 8 வரையுள்ளவை வகயாமா என்ற வேறு ஊருக்கும் போகும். ஏறும்போது பெட்டிக்கு மேல் இருக்கும் பலகையைப் படிக்க வேண்டும். உட்கார இடம் தேடி ஒருவர் பின்பெட்டிக்கும் மற்றவர் முன்பெட்டிக்கும் போய்விடக் கூடாது. பாஸ்போர்ட் இரண்டும் ஒரே பையில் இருந்தால் இன்னும் சிக்கல்.